வடிப்பானா, நெய்யரியா?

'வடிப்பானைத் தளர்த்தி எண்ணெயை வடியவிடவும்.' புது ஆயில் ஃபில்டரோடு வந்த தமிழ்த் தாளில் இப்படி ஒரு வரி. ஆத்தங்குடிக் கல் ஏற்றுகிற பிக்கப்பை முகப்புக்கு எதிரே நிறுத்திவிட்டு அண்ணன் மகன் அடியில் படுத்திருந்தான். நான் வாசிக்க வாசிக்க அவன் செய்தான். முதலில் எஞ்சினுக்கு அடியில் ஆயிலை இறக்கவென்றே இருக்கிற டிரெய்ன் போல்ட்டைக் கழற்றி ஆயிலை இறக்கியிருக்க வேண்டும். தாளை நம்பி ஃபில்டரில் கைவைத்தான், சூட்டோடு ஆயில் முழங்கை வரை வழிந்தது. "சித்தப்பா, வடிப்பான்னா எதுதான்?" என்றான்.

ஃபில்டரின் கதை சின்னது. லத்தீனில் ஃபில்ட்ரம், அதாவது மயிரை அழுத்திச் செய்த ஃபெல்ட் துணி. அதில் ஊற்றித்தான் தெளிய வைத்தார்கள். அவ்வளவுதான்.

வடிப்பான்தான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. சோறு வடிக்கிறோம், கஞ்சி போய்ச் சோறு நிற்கிறது. மழைத்தண்ணீர் வளவிலிருந்து வடிகிறது. வடிதல் என்றால் இறங்கிப் போதல் என்றுதான் எவர் காதிலும் விழும். பழந்தமிழில் வடித்தலுக்குத் தெளியவைத்தல் என்ற பொருளும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆயில் மாற்றுகிற வேலையில் வடிப்பதும் அரிப்பதும் தனித்தனிச் சங்கதி. போல்ட் வடிக்கிறது, ஃபில்டர் அரிக்கிறது. இரண்டுக்கும் ஒரே வேர்ச்சொல்லை வைத்தால் கை எங்கே போகும்?

இன்னும் கேளுங்கள். ஃபில்டர் டப்பாவின் ஓரத்துத் துளைகள் வழியாக ஆயில் உள்ளே போய், மடிப்பு மடிப்பான தாளைக் கடந்து, நடுத்துளை வழியாக எஞ்சினுக்குத் திரும்புகிறது. இரும்புப் பொடியும் கரியும் தாளில் தங்கிவிடும். பல ஃபில்டர்களில் ஒரு ரப்பர் மடலும் இருக்கும், எஞ்சின் நின்றபின் உள்ளே இருக்கிற ஆயில் வடிந்துவிடாமல் பிடித்துவைக்க. வடியாமல் காக்கத் தனி உறுப்பே வைத்திருக்கிற பொருளுக்கு வடிப்பான் என்று பெயர்!

சரி, 'எண்ணெய் வடிகட்டி' என்றால்? தப்பில்லை. ஆனால் எங்கள் அப்பத்தாவிடம் சொல்லியிருந்தால், சீப்புச்சீடை சுட்ட எண்ணெயை வடிகட்டுகிற பாத்திரத்தைத்தான் எடுத்துக் கொடுத்திருப்பார்.

என் ஓட்டு நெய்யரிக்கு. நன்னூலில் பவணந்தி முனிவர் கடை மாணாக்கனுக்கு இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று உவமை அடுக்குகிறார். நெய்யரி என்பது பன்னாடை, அதாவது பனை, தென்னை மட்டையடியில் இருக்கிற வலைபோன்ற நார். நல்ல நெய்யை விட்டுவிட்டுக் கசடைப் பிடித்துக்கொள்ளும். (பன்னாடை வசவானதும் இதனால்தான்.) மாணாக்கனுக்கு அது இழுக்கு, ஃபில்டருக்கோ அதுதான் வேலையே. எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று என்பதால், நெய் என்பது எஞ்சின் ஆயிலுக்கும் இடம் கொடுக்கும். அரிசி அரிக்கத் தெரிந்தவர்களுக்கு 'அரி' புரியாமல் போகாது.

1923-இல் அமெரிக்காவில் எர்னஸ்ட் ஸ்வீட்லாண்ட் தன் ஆயில் ஃபில்டருக்குப் பியூரோலேட்டர் என்று பெயர் வைத்தார். பியூர் ஆயில் லேட்டர் என்பதன் சுருக்கம். அவர் வேலையைப் பார்த்துப் பெயர் வைத்தார். நம் மொழிபெயர்ப்பாளர்கள் கம்ப்யூட்டர் கலைச்சொல் பட்டியலைப் பார்த்து வைக்கிறார்கள். போட்டோவுக்குப் பூசுகிற ஃபில்டரும் வடிப்பான், மெயிலைப் பிரிக்கிறதும் வடிப்பான், வண்டிக்கடியில் இருக்கிறதும் வடிப்பான். அதே தாளில் 'முத்திரையின் மேல் எண்ணெய் தடவவும்' என்று வேறு. 'சீல்' என்பதை இப்படி மாற்றியிருக்கிறார்கள். எந்த முத்திரை, தபால் முத்திரையா? ரப்பர் வளையம் ஐயா, ரப்பர் வளையம்! பழைய வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருந்தால் அதன்மேல் புதுசும் உட்கார்ந்து ஆயில் கசியும் என்பதுதான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது. அதைப் பற்றித் தாளில் ஒரு வரி இல்லை.

அப்புறம் தாளை மடித்து வைத்துவிட்டுத் தெரிந்தபடி செய்தோம். வளையத்தில் புது ஆயிலைத் தொட்டுத் தடவி, கையாலேயே திருகி, வளையம் தொட்டபின் முக்கால் சுற்று. ஆயிலை ஊற்றி, எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, கசிவு இல்லை என்று பார்த்தாயிற்று.

வண்டி நோட்டில் கிலோமீட்டரைக் குறித்து 'நெய்யரி மாற்றியது' என்று எழுதினேன். பெயரிலேயே செக்கு இருக்கிற காரைக்குடி செக்காலை ரோட்டு உதிரிபாகக் கடையில் இந்தச் சொல்லைச் சொன்னால் என்ன தருவார்களோ என்று பயந்து, அண்ணன் மகன் பக்கத்திலேயே 'ஆயில் ஃபில்டர்' என்று எழுதி வைத்துக்கொண்டான்.