வேர்ப் பாக்டீரியாவின் ஆக்சினை அளக்கும்போது உண்மையில் எதை அளக்கிறோம்?

வேர்மண்டலத்திலிருந்து, அதாவது வேரை ஒட்டிய மண்ணிலிருந்து, பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியா பயிர் வளர்ச்சியை ஊக்குவிக்கும் என்று கூறும் அறிக்கைகளில் ஒரு வரி பெரும்பாலும் தவறாமல் இடம்பெறும்: இந்தத் திரிபு (பாக்டீரியாவின் தனி வகை) மில்லி லிட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் இண்டோல் அசிட்டிக் அமிலத்தை உற்பத்தி செய்கிறது. தாவர வளர்ச்சி ஹார்மோனான ஆக்சின் என்று இங்கே நான் சொல்வது இந்த அமிலத்தைத்தான். என் மேசைக்கு வரும் மாணவர் ஆய்வேடுகளிலும், உயிர் உரத்துக்கெனத் திரிபுகளைத் தேர்வு செய்வோர் அனுப்பும் குறிப்புகளிலும் அந்த எண்ணைப் பார்த்ததும், பிளாங்க்காக, அதாவது கருவியில் சுழியமாகக் கொள்ளும் ஒப்பீட்டுக் கரைசலாக, எதை வைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். காய்ச்சி வடித்த நீர் என்று பதில் வந்தால், அந்த எண்ணைக் குறித்துக்கொள்வதை அப்போதைக்குத் தள்ளி வைத்துவிடுவேன்.

பரவலாகக் கையாளப்படுவது சால்கோவ்ஸ்கி வினைபொருள் முறை. 35 சதவீதப் பெர்குளோரிக் அமிலம் 50 மில்லி லிட்டருக்கு 0.5 மோலார் ஃபெரிக் குளோரைடு 1 மில்லி லிட்டர் சேர்த்து வினைபொருளைத் தயாரிக்கிறோம். வளர்ப்பு ஊடகத்தை மையவிலக்கியில் சுழற்றிச் செல்களை நீக்கியபின் கிடைக்கும் தெளிநீர் ஒரு பங்குக்கு இந்த வினைபொருள் இரண்டு பங்கு சேர்த்து, இருட்டில் சுமார் அரை மணி நேரம் வைத்தால், ஆக்சின் உள்ள குழாய் இளஞ்சிவப்பாக மாறும். அந்த நிறத்தின் அடர்த்தியை 530 நானோமீட்டரில் படித்து, அளவு தெரிந்த ஆக்சினைக் கொண்டு வரைந்த திட்ட வரைகோட்டுடன் ஒப்பிடுகிறோம். கார்டனும் வெபரும் 1951-இல் வகுத்த இந்த முறை இன்றுவரை ஆய்வகங்களில் நிலைத்திருப்பதற்குக் காரணம் எளிது: செலவு குறைவு, விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாதிரிகளைச் சலித்துவிடலாம்.

சலிப்பதற்குச் சல்லடை போதும். நிறுப்பதற்குத் தராசு வேண்டும். இந்த வினைபொருள் சல்லடை வகையைச் சேர்ந்தது. பாக்டீரியா டிரிப்டோஃபேன் எனும் அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் அசிட்டிக் அமிலத்தை உருவாக்கும் பாதைகளில் இண்டோல் பைருவிக் அமிலம், இண்டோல் அசிட்டமைடு போன்ற இடைநிலைப் பொருள்கள் தோன்றுகின்றன. இவையும் சால்கோவ்ஸ்கி வினைபொருளுடன் நிறம் தருகின்றன என்பதை கிளிக்மன், டெசோ ஆகிய இருவரும் 1995-இல் விரிவாகச் சோதித்து வெளியிட்டார்கள். ஆகவே இம்முறையில் கிடைக்கும் எண், கண்டிப்பாகச் சொன்னால், இண்டோல் வகைச் சேர்மங்களின் ஆக்சினுக்கு நிகரான அளவு. அறிக்கையில் அப்படியே எழுதுவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை.

பிளாங்க் விஷயத்துக்கு வருகிறேன், ஏனெனில் நான் நேரில் கண்ட பிழைகளில் அடிக்கடி நிகழ்வது இதுதான். ஒருமுறை ஒரு மாணவி கொண்டுவந்த முடிவுகளில் எல்லாத் திரிபுகளுமே நல்ல உற்பத்தியாளர்களாகத் தெரிந்தன. எல்லாமே நன்றாக இருப்பதுதான் எனக்கு உறுத்தியது. குழாய்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது, பாதிக் குழாய்களின் நிறம் இளஞ்சிவப்பாக இல்லாமல் மஞ்சள் கலந்த பழுப்பாக இருந்தது. ஈஸ்ட் சாறும் பெப்டோனும் கலந்த ஊடகத்தில் டிரிப்டோஃபேன் சேர்த்து, ஐந்து நாள் வெளிச்சத்தில் குலுக்கியபடி வளர்த்திருந்தார். பாக்டீரியா இடாத அதே ஊடகத்தை அவற்றுடன் இன்குபேட்டரில் வைக்கவில்லை. கண்ணுக்குப் பழுப்பு எனத் தெரிவதை, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் அறியாது. 530-இல் எது ஒளியை உறிஞ்சினாலும் அதற்கு ஒன்றுதான். பாக்டீரியா இடாத ஊடகத்தையும் அத்தனை நாளும் உடன் வைத்து, திட்ட வரைகோட்டையும் நீரில் தயாரிக்காமல் அதே ஊடகத்தில் தயாரித்து மீண்டும் அளந்தபோது, பெரும்பாலான திரிபுகள் பிளாங்க்கிலிருந்து பிரித்தறிய முடியாத நிலைக்கு இறங்கின. இரண்டு மட்டும் நின்றன.

இவற்றோடு கைப்பழக்கத்தில் மட்டுமே தெரியவரும் சில சிக்கல்களும் உண்டு. பொட்டாசியம் பாஸ்பேட் மிகுந்த ஊடகத்தில் பெர்குளோரிக் அமிலம் சேர்ந்ததும் பொட்டாசியம் பெர்குளோரேட் நுண்படிகங்களாக வீழ்ந்து குழாயைக் கலங்கலாக்கும். அந்தக் கலங்கலும் கருவியில் நிறமாகவே பதிவாகும் என்பதால், படிப்பதற்கு முன் மீண்டும் ஒருமுறை சுழற்றிவிடுவது நல்லது. நிறம் வரைகோட்டின் எல்லையைத் தாண்டினால் தெளிநீரை முதலில் ஊடகத்தால் நீர்க்கச் செய்து வினையை மறுபடி நடத்த வேண்டும். நிறம் வந்த கலவையில் நீர் ஊற்றிப் படிப்பது கணக்கைக் கெடுக்கும். திட்டக் கரைசலுக்கான ஆக்சின் வெளிச்சத்தில் சிதையக்கூடியது. பழுப்புநிறப் புட்டியில், குளிரில், புதிதாகத் தயாரித்து வைக்காவிட்டால் வரைகோடு தணிந்து, மாதிரிகளின் மதிப்பு பொய்யாக உயரும். பெர்குளோரிக் அமிலம் கரிமப் பொருளோடு உலர்ந்தால் வெடிக்கும் தன்மையுடையது என்பதால், மேசையில் சிந்தியதைத் தாளால் துடைத்துக் குப்பைக் கூடையில் போடும் பழக்கத்தை எந்த ஆய்வகமும் அனுமதிக்கக் கூடாது.

அடுத்து டிரிப்டோஃபேன். பெரும்பாலான சோதனைகளில் லிட்டருக்கு 0.1 கிராம் முதல் 1 கிராம் வரை இதை ஊடகத்தில் சேர்க்கிறார்கள். அளவைக் கூட்டினால் பல திரிபுகளில் ஆக்சினும் கூடும். இதனால் ஒரு கிராம் சேர்த்த ஆய்வகத்தின் எண்ணையும் கால் கிராம் சேர்த்த ஆய்வகத்தின் எண்ணையும் அருகருகே வைத்து ஒப்பிட முடியாது. வேர்க்கசிவில் கிடைக்கும் டிரிப்டோஃபேனோ மிகச் சொற்பம் என்பதால், டிரிப்டோஃபேன் சேர்க்காத குடுவை ஒன்றையும் கட்டாயம் உடன் வளர்க்கச் சொல்கிறேன். காலமும் இதைப் போலவே முக்கியம். பல பாக்டீரியாக்கள் வளர்ச்சி தேங்கும் கட்டத்தில்தான் ஆக்சினைத் திரட்டுகின்றன. சில சூடோமோனாஸ் திரிபுகள் அதையே உணவாக உண்டு தீர்த்துவிடும் திறனும் கொண்டவை. 72-ஆம் மணியில் ஒரேயொரு முறை மட்டும் அளப்பவருக்கு ஏறியது தெரியுமா, இறங்கியது தெரியுமா? குறைந்தது நான்கு வேளைகளில் மாதிரி எடுத்து, ஒவ்வொரு வேளையிலும் செல் எண்ணிக்கையையோ புரத அளவையோ கணக்கிட்டு, அதன் வீதமாக ஆக்சினைச் சொன்னால்தான் அதிகமாக வளர்ந்த திரிபையும் அதிகமாக உற்பத்தி செய்த திரிபையும் பிரித்தறியலாம்.

சல்லடையில் நின்ற திரிபுகளுக்கு எச்.பி.எல்.சி. தேவைப்படுகிறது; இது கலவையிலுள்ள சேர்மங்களைத் தனித்தனியே பிரித்து அளக்கும் திரவ நிறப்பிரிகைக் கருவி. அமிலம் சேர்த்துத் தெளிநீரின் பி.எச். அளவை 3-க்குக் கீழே கொண்டுவந்து எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுக்கிறோம். ஆக்சினின் பிகேஏ (பாதி மூலக்கூறுகள் மின்னேற்றம் பெற்றிருக்கும் பி.எச். அளவு) சுமார் 4.75 என்பதால் அந்த நிலையில் அது மின்னேற்றமற்று, நீரை விட்டுக் கரைப்பானுக்குள் எளிதில் சென்றுவிடும். பின்னர் சேர்மங்களைப் பிரிக்கும் சி-18 பத்தியில் (நிரப்புக் குழாயில்) செலுத்தி 280 நானோமீட்டரிலோ, இன்னும் நுட்பமாக ஒளிர்வுக் கண்டறிவானிலோ காண்கிறோம். தூய ஆக்சின் வெளிவரும் அதே நேரத்தில் வெளிவந்த உச்சி என்பதாலேயே அது ஆக்சின் என்று முடிவுகட்டாமல், மாதிரியில் சிறிதளவு தூய ஆக்சினைக் கலந்து, அந்த உச்சி பிளவுபடாமல் உயர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐயமற்ற முடிவு வேண்டுமெனில் எல்.சி.எம்.எஸ். கருவியில் (நிறைமாலைமானி இணைத்த திரவ நிறப்பிரிகை) நிறை 176 கொண்ட அயனி உடைந்து 130 ஆகும் மாற்றத்தைப் பின்தொடர்வதோடு, டியூட்டீரியம் (கன ஹைட்ரஜன்) ஏற்றிய ஆக்சினைப் பிரித்தெடுப்புக்கு முன்பே மாதிரியில் சேர்த்து, வழியில் எவ்வளவு இழந்தோம் என்பதையும் கணக்கிடலாம்.

பாக்டீரியா தரும் பிற தாவர ஹார்மோன்களான ஜிப்ரெல்லினுக்கும் சைட்டோகைனினுக்கும் நிறமானி முறைகளை நான் நம்புவதில்லை. ஜிப்ரெல்லினை அமிலத்தால் மாற்றி 254 நானோமீட்டரில் படிக்கும் பழைய முறையில், அந்த அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சும் ஊடகப் பொருள்கள் அனைத்தும் குறுக்கிடும். சைட்டோகைனினில் வேறொரு பொறி இருக்கிறது: செல்களின் டி.ஆர்.என்.ஏ. சிதையும்போதும் ஐசோபென்டெனைல் அடினின் போன்ற சைட்டோகைனின்கள் வெளியேறுவதால், முதிர்ந்து சிதைந்த வளர்ப்பில் அளந்தால் உற்பத்தி எது, கழிவு எது என்று தெரியாது. இரண்டுக்கும் நிறைமாலைமானிதான் வழி.

எண் பெரிதாக இருந்தால் திரிபு சிறந்தது என்ற எண்ணமும் சரியன்று. மில்லி லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் ஆக்சின் என்பது ஏறத்தாழ 57 மைக்ரோமோலார்; அந்தச் செறிவு நேரடியாக வேரைத் தொட்டால் முதன்மை வேரின் நீட்சி குன்றிவிடும். பேட்டன், கிளிக் ஆகியோர் 2002-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு சூடோமோனாஸ் புட்டிடா திரிபையும், அதிலிருந்து ஆக்சின் உற்பத்திக்கான மரபணுவைச் செயலிழக்கச் செய்த திரிபையும் கனோலா எனும் எண்ணெய்ப் பயிரின் விதைகளில் தனித்தனியே இட்டுப் பார்த்தபோது, இயல்புத் திரிபு இட்ட நாற்றுகளின் முதன்மை வேர் 35 முதல் 50 சதவீதம் வரை நீளமாக இருந்தது. ஆக்சினால்தான் பயன் என்று சொல்ல விரும்புவோர் செய்ய வேண்டிய சோதனை இந்த வகையைச் சேர்ந்தது. அதற்கு வசதியில்லாதவர்கள், மூன்று செறிவுகளில் தூய ஆக்சின் இட்ட நாற்றுகளையும் பாக்டீரியா இட்ட நாற்றுகளையும் ஒரே தட்டு வரிசையில் வளர்த்து, வேர் நீளத்தையும் வேர்த்தூவிகளையும் அளந்து, குடுவையில் கிடைத்த எண்ணுக்குப் பக்கத்திலேயே அதையும் குறித்துத் தரலாம்.