பேங்கில் விழும் தொகை உங்கள் விற்பனை அல்ல

அமெரிக்காவில் ஆன்லைன் தளங்கள் வழியாக விற்பவர்கள் அதிகம் செய்யும் தவறு, பேங்குக்கு வந்த தொகையை அப்படியே வருமானமாக எழுதிவிடுவதுதான்.

ஒரு விற்பனையைப் பிரித்துப் பார்ப்போம். பொருள் 40 டாலர், ஷிப்பிங் 8 டாலர். ஷிப்பிங்குக்கும் விற்பனை வரி உண்டு என்றால், 8 சதவீதத்தில் வரி 3.84. வாங்குபவர் கட்டுவது 51.84. வரியைத் தளமே எடுத்து மாநிலத்துக்குச் செலுத்திவிடும். கமிஷன் 12 சதவீதம். அதை வரி சேர்ந்த தொகை மீது போடும் தளம் என்றால் 6.22 போகும். பார்சல் அனுப்ப வாங்கும் ஷிப்பிங் லேபிளுக்கு 6.50. கைக்கு வருவது 35.28.

கணக்கில் எழுத வேண்டியது: விற்பனை 40, ஷிப்பிங் வரவு 8; கமிஷன் செலவு 6.22, லேபிள் செலவு 6.50. லாபம் எப்படி எழுதினாலும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் தளம் உங்களுக்கும் வரித்துறைக்கும் அனுப்பும் 1099-கே படிவத்தில் கமிஷன், ஷிப்பிங், ரீஃபண்ட் எதுவும் கழிக்கப்படாத மொத்தத் தொகைதான் இருக்கும். 35.28 என்று எழுதியவரின் ஷெட்யூல் சி (சொந்தத் தொழிலின் வரவு செலவைக் காட்டும் வருமான வரிப் படிவம்) அதோடு ஒத்துப்போகாது. படிவம் வராவிட்டாலும் வருமானம் வருமானமே.

ஷிப்பிங்கில் மிஞ்சிய 1.50-ஐ மட்டும் எழுதுவதும் வேண்டாம். வரவும் செலவும் தனித்தனியாக இருந்தால்தான் எந்தப் பார்சலில் கைக்காசு போகிறது என்பது தெரியும்.

வெளிமாநில விற்பனையாளர்களையும் விற்பனை வரி வசூலிக்கச் சொல்ல மாநிலங்களுக்கு வழிவிட்ட, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2018 வேஃபேர் தீர்ப்புக்குப் பிறகு, தள விற்பனைக்கு வரி வசூலிக்கும் பொறுப்பை மாநிலங்கள் தளங்களிடமே ஒப்படைத்துவிட்டன. அந்த வரி உங்களுக்கு வருமானமும் அல்ல, செலவும் அல்ல. உங்கள் சொந்த வெப்சைட்டில் நீங்களே வசூலித்த வரியோ மாநிலத்துக்குத் தர வேண்டிய கடன். தனிக் கணக்கில் வையுங்கள்.

ஷிப்பிங்குக்கு வரி உண்டா என்பது மாநிலத்தைப் பொறுத்தது. டெக்சஸில் பொருளுக்கு வரி என்றால் ஷிப்பிங்குக்கும் வரி. கலிஃபோர்னியாவில், தபால் அல்லது கூரியர் வழியாக நேரே வாங்குபவருக்கு அனுப்பி, ஷிப்பிங்கை பில்லில் தனியாகக் காட்டினால், உண்மையில் ஆன செலவு வரை வரி இல்லை. அதற்கு மேல் வாங்கினால் மிகுதிக்கு வரி. ‘இலவச ஷிப்பிங்’ என்று விலையிலேயே சேர்த்துவிட்டால் இந்த விலக்கும் போச்சு.

மாநிலத்தில் விற்பனை வரிக்குப் பதிவு செய்திருந்தால், எல்லா விற்பனையும் தளம் வழியாகவே நடந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்வது பொதுவாகக் கட்டாயம். பல மாநிலங்களில் மொத்த விற்பனையைக் காட்டிவிட்டுத் தள விற்பனையைக் கழிக்க வேண்டும். கட்ட வேண்டியது பூஜ்யம்தானே என்று விட்டவர்களுக்கும் தாமத அபராதம் வரலாம்.