டிராஜடின்னா தமிழ்ல என்ன? துன்பியலா, அவலமா, அழுகாச்சியா?

ஒரு காதல் கதைய படிச்சு முடிச்சுட்டு மூக்க உறிஞ்சிக்கிட்டே "செம டிராஜடிடி, நீயும் படி"ன்னு ஃபிரண்டுக்கு மெசேஜ் போடுறோம்ல, அந்த டிராஜடிங்கற வார்த்தைக்குள்ள ஒரு ஆட்டுக்கிடா நிக்குது. நெஜமாத்தான். கிரேக்கத்துல 'டிராகோஸ்'னா கிடா, 'ஓடே'ன்னா பாட்டு, ரெண்டும் சேர்ந்து டிராகோடியா, அதாவது கிடாப்பாட்டு. ஏன் கிடான்னு கேட்டா, நாடகப் போட்டியில ஜெயிச்சவங்களுக்கு கிடா பரிசா குடுத்தாங்கன்னு ஒரு கட்சி, கிடாய பலி குடுக்கும்போது பாடுன பாட்டுன்னு இன்னொரு கட்சி. கோயில் கொடைக்கு கிடா வெட்டுற ஊர்க்காரங்களுக்கு இதெல்லாம் பெரிய ஆச்சரியமா இருக்காது.

அப்புறம் கி.மு. 4ஆம் நூற்றாண்டுல அரிஸ்டாட்டில் வந்து இந்த நாடகங்கள் பாக்குறவங்க மனசுல இரக்கத்தையும் பயத்தையும் கிளப்பி 'கதார்சிஸ்' பண்ணுதுன்னு எழுதி வச்சார். இந்த கதார்சிஸ் அந்தக் கால கிரேக்க வைத்தியத்துல பேதிக்கு குடுத்து வயித்த சுத்தம் பண்றதுக்கும் உள்ள வார்த்தை, அதாவது நம்ம பாட்டிங்க விளக்கெண்ணெய் குடுப்பாங்களே அது மாதிரி, குடிக்கும்போது கஷ்டம், அப்புறம் ஒடம்பு லேசாயிடும். அழுதுட்டு நிம்மதியா தூங்குறவங்களுக்கு இது புரியும்.

ஆனா எனக்கு அவர் சொன்னதுல இன்னொரு வார்த்தைதான் முக்கியம், 'ஹமார்ஷியா'. குறி தப்புறதுன்னு அர்த்தம். பெரிய வில்லத்தனம் எல்லாம் வேண்டாம், ஒரு தப்பு போதும். ரோமியோ ஜூலியட்ல (முதல் அச்சு 1597) ஜூலியட் சாகல, மயக்க மருந்துலதான் கெடக்கான்னு சொல்ற லெட்டர எடுத்துட்டு போன சாமியார, கொள்ளைநோய் வீட்ல இருந்திருப்பார்னு சந்தேகப்பட்டு கதவ அடைச்சு சீல் வச்சுடுறாங்க, லெட்டர் போகல, அவ்ளோதான் கதை முடிஞ்சிடுச்சு. நம்ம அம்பிகாபதி கதையிலயும் அதேதான். சிற்றின்பம் கலக்காம 100 பாட்டு பாடுனா அமராவதிய கட்டிக்கலாம்னு நிபந்தனை, அவ திரைக்கு பின்னாடி உக்காந்து எண்ணிட்டே இருக்கா, ஆரம்பத்துல சாமிய வேண்டிப் பாடுற காப்புச் செய்யுளையும் சேத்து எண்ணிட்டா. 99தான் ஆயிருக்கு, 100 முடிஞ்சிருச்சுன்னு நெனச்சு எட்டிப் பாக்குறா, அவள பாத்ததும் அவன் வாயில காதல் பாட்டு வந்துருது, தலை போச்சு. இது வரலாறு இல்ல, கர்ண பரம்பரைக் கதைதான், ஆனா ஒவ்வொரு தடவ கேக்கும்போதும் "அடியேய், காப்ப விட்டுட்டு எண்ணுடி"ன்னு கத்தணும் போல இருக்கும். முடிவு தெரிஞ்சும் மறுபடி மறுபடி இந்தக் கதைங்ககிட்ட நாம போறது இந்தக் கத்தலுக்காகத்தான்னு நெனைக்கிறேன், சும்மா அழறதுக்கு மட்டும் இல்ல.

சரி, தமிழுக்கு வருவோம். பாடப்புத்தகத்துல இன்பியல், துன்பியல்னு ஜோடியா போட்டிருப்பாங்க, பரிட்சையில அத எழுதுனா மார்க் உண்டு. ஆனா இயற்பியல், வேதியியல் படிச்ச காதுக்கு துன்பியல்னதும் ஏதோ லேப் இருக்குற சப்ஜெக்ட் மாதிரி கேக்குது, என்ன பண்றது. சோகம்? அது சமஸ்கிருதத்துல இருந்து வந்தது, ஜோடியா இருந்த பறவையில ஒண்ண வேடன் அடிச்சத பாத்து வால்மீகிக்கு வந்த சோகமே சுலோகமாச்சுன்னு அழகா ஒரு கதை உண்டு. ஆனா சோகம்ங்கறது மனநிலை, ஒரு கதை எப்படி உடையுதுங்கறத அது சொல்லாது. "ஏன்டா சோகமா இருக்க"ன்னா பஸ்ஸ விட்டுருப்பான்.

என் ஓட்டு அவலத்துக்குத்தான். இன்னிக்கு இந்த வார்த்தைய நாம நியூஸ்ல கெடுத்து வச்சிருக்கோம், "ரோடு இல்லாத அவலம்", "தண்ணி வராத அவலம்". ஆனா சிலப்பதிகாரத்துல கோவலன வெட்டிட்டாங்கன்னு சேதி வந்ததும் கண்ணகி வாயில வர்ற வார்த்தை இதுதான்: "அன்பனை இழந்தேன்யான் அவலங்கொண் டழிவலோ". இந்த அவலத்துலயே கெடந்து அழிஞ்சு போவேனான்னு கேக்குறா, கேட்டுட்டு என்ன பண்ணான்னு மதுரைக்கு தெரியும்.

இதுக்கெல்லாம் முன்னாடி தொல்காப்பியர் மெய்ப்பாடு (மனசுல உள்ள உணர்ச்சி ஒடம்புல தெரியறது) எட்டுல ரெண்டாவதா வச்சது அழுகை. இளிவு (அவமானப்படறது), இழவு, அசைவு (இருந்த நிலை கெட்டுப் போறது), வறுமைன்னு நாலு காரணத்துல அழுகை வரும்ங்கறார். நாலுல இழவுங்கறது இழப்பு, காதல் கதைங்க முக்காவாசி இதுலயே ஓடுது. இதுக்கு உரை எழுதுன, பேராசிரியர்ங்கற பேர்ல உள்ள பழைய உரைகாரர், அழுகைன்னா அவலம்னு சொல்லிட்டு அத ரெண்டா பிரிக்கிறார், தனக்கு வந்த துன்பத்துக்கு அழறது ஒண்ணு, அடுத்தவங்க அவலத்த பாத்து அழறது இன்னொண்ணு. புக்க கையில வச்சுட்டு ராத்திரி ரெண்டு மணிக்கு நாம பண்றது அந்த ரெண்டாவது.

அதனால யாராச்சும் "அழுகாச்சி காவியம்"னு கிண்டல் பண்ணா கோவப்படாதீங்க, அவங்களுக்கே தெரியாம தொல்காப்பியர் வார்த்தைக்கு ரொம்ப பக்கத்துல நிக்குறாங்க. எழுத்துல அவலக்கதை, பேச்சுல அழுகாச்சி, ரெண்டும் எனக்கு ஓகே.

காலேஜ் படிக்கும்போது எங்க ஊர் லைப்ரரில ஒரு காதல் நாவல் எடுத்தேன், அட்டை கிழிஞ்சு, டேப் போட்டு ஒட்டி, கடைசி இருபது பக்கம் மட்டும் தண்ணி பட்டு காஞ்ச மாதிரி உப்பிப் போயிருந்துச்சு. நாயகி ரயிலேறுற பக்கத்துல ஓரத்துல யாரோ பென்சில்ல "போகாதடி, அவன் வந்துட்டு இருக்கான்"னு எழுதியிருந்தாங்க. அதுக்குக் கீழ வேற கையெழுத்துல, நீல மையில, "நானும் சொன்னேன், கேக்கல".