'யூத்குவேக்' தமிழில் என்ன?

யூத்குவேக்: இளையவர்களின் செயலாலோ செல்வாக்காலோ பண்பாட்டில், அரசியலில், சமூகத்தில் நேரும் பெரிய மாற்றம். ஆக்ஸ்போர்டு அகராதி ஏறக்குறைய இப்படித்தான் பொருள் சொல்கிறது. 2017ஆம் ஆண்டின் சொல்லாக அது தேர்ந்தெடுத்ததும் இதைத்தான்.

சொல்லின் கட்டுமானம் எளிது. நிலநடுக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'எர்த்குவேக்'. அதில் மண்ணைக் குறிக்கும் 'எர்த்'தை எடுத்துவிட்டு, இளமையைக் குறிக்கும் 'யூத்'தை வைத்தார்கள். இரண்டும் ஒரே ஓசையில் முடிவதால் புதுச்சொல் காதில் உடனே ஒட்டிக்கொண்டது.

பிறந்த இடம் அரசியல் மேடை அல்ல, ஆடை உலகம். அமெரிக்க 'வோக்' இதழின் ஆசிரியர் டயானா விரீலண்ட் 1965 ஜனவரியில் இதைப் பயன்படுத்தினார். அதுவரை வசதியான பெரியவர்கள் உடுத்துவதைப் பார்த்து இளையவர்கள் உடுத்தினார்கள். லண்டனில் மேரி குவான்ட் போன்றவர்களின் குட்டைப் பாவாடை வந்தபோது அந்த வரிசை தலைகீழானது. பெண்பிள்ளைகள் தெருவில் எதைப் போட்டார்களோ, அதைப் பெரிய ஆடை நிறுவனங்கள் பின்தொடர்ந்தன. அந்தத் தலைகீழ் மாற்றத்துக்குத்தான் விரீலண்ட் பெயர் வைத்தார்.

அப்புறம் பல ஆண்டுகள் அதிகப் புழக்கம் இல்லை. 2017 ஜூன் 8 பிரிட்டன் பொதுத்தேர்தலில் பிரதமர் தெரசா மே பெரும்பான்மையை இழந்தார். ஜெரமி கார்பினின் தொழிற்கட்சி யாரும் எதிர்பாராத 262 இடங்களைப் பிடித்தது. இளையவர்கள் திரண்டு வந்து வாக்களித்ததே காரணம் என்று பேசப்பட்டது. பழைய சொல் மீண்டும் தலைப்புச் செய்திகளுக்கு வந்தது. சில மாதங்களில் நியூசிலாந்தில் 37 வயது ஜசிந்தா ஆர்டர்ன் பிரதமரானபோது இன்னும் பரவியது. ஆனால் 2018 தொடக்கத்தில், பிரிட்டன் தேர்தல் ஆய்வுக் குழுவினர், இளையவர்களின் வாக்குப்பதிவு அப்படியொன்றும் பாய்ந்து உயரவில்லை என்று தங்கள் தரவுகளை வைத்துச் சொன்னார்கள். இந்தத் திருத்தம் முக்கியம் என்று நினைக்கிறேன். கூட்டம் கூடியதா, வாக்குச்சாவடியில் வரிசை நீண்டதா என்பது மட்டும் இந்தச் சொல்லுக்குப் போதாது. ஏதாவது மாறியிருக்க வேண்டும்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது?

நிலநடுக்கம் இருக்கிறதே என்று 'இளைஞர் நடுக்கம்' என்றால் கதை கெட்டது. நிலநடுக்கத்தில் நடுங்குவது நிலம். அதே கணக்கில் இங்கே நடுங்குவது இளைஞர் ஆகிவிடுவார்கள். தேர்வு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள்தான் நினைவுக்கு வருவார்கள். ஆங்கிலச் சொல்லில் இளையவர்கள் நடுங்குபவர்கள் அல்லர், நடுங்க வைப்பவர்கள்.

'இளவெழுச்சி' என்று ஒரே சொல்லாக்கலாமா? புணர்ச்சி சரிதான், பொருள்தான் இடறுகிறது. தமிழில் 'இள' முன்னால் வந்தால் பெரும்பாலும் வேகம் குறையும்: இளஞ்சூடு, இளவெயில், இளஞ்சிவப்பு. இளவெழுச்சி என்றால் அரைமனதோடு எழுந்தது போல இருக்கும்.

ஆகவே என் தேர்வு 'இளையோர் எழுச்சி'. 'இளைஞர்' என்பது எல்லோருக்கும் பொதுவான சொல்தான், ஆனாலும் வழக்கில் ஆண்பிள்ளைகள் பக்கம் சாய்ந்துவிட்டது. இளம்பெண்ணைத் தனியாக 'இளைஞி' என்கிறோம். 'இளையோர்' இருபாலாரையும் எடுத்துக்கொள்ளும். சங்கப் பாடல்களிலேயே உள்ள சொல். ஈழத்தமிழரிடம் இன்றும் அன்றாட வழக்கு. 'எழுச்சி'யோ, எழு என்ற வினையிலிருந்து வந்தது. திருப்பள்ளியெழுச்சியில் இருப்பதும் இதே சொல்தான்: உறக்கத்திலிருந்து எழுவது. குலுக்கத்தைவிட விழிப்பைச் சொல்வதால் எனக்கு ஆங்கிலச் சொல்லைவிடவும் இது பிடித்திருக்கிறது. 'புரட்சி' வேறு, அது இருப்பதை அடியோடு புரட்டிப்போடுவது. எல்லா எழுச்சியும் அதுவரை போவதில்லை.

இந்தச் சொல்லின் இரண்டு ஆண்டுகளும் தமிழ்நாட்டுக்கும் உரியவை. விரீலண்ட் எழுதிய அதே 1965 ஜனவரியில், இந்தி மட்டுமே ஒன்றிய ஆட்சிமொழி ஆகவிருந்ததை எதிர்த்துச் சென்னை மாநில மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஜனவரி 25 அன்று மதுரையில் மூண்ட மோதல் மாநிலமெங்கும் பரவியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் சாஸ்திரி வானொலியில் உறுதியளித்தார். 2017 ஜனவரியில் மெரினாவில் சல்லிக்கட்டுக்காகத் திரண்டார்கள். 17ஆம் தேதி தொடங்கியது. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அன்று காலை காவல்துறை கூட்டத்தைக் கலைத்த விதத்தையும் சேர்த்தேதான் அந்த நாளை நினைக்க வேண்டியிருக்கிறது. நம் செய்தித்தாள்கள் அப்போதே 'மாணவர் எழுச்சி', 'இளைஞர் எழுச்சி' என்று எழுதின. ஆக்ஸ்போர்டு அறிவிப்பு வந்தது அந்த ஆண்டு டிசம்பரில்.

அகராதியில் எடுத்துக்காட்டு வாக்கியம் கேட்டால் நான் இதைத் தருவேன்: '1965 இளையோர் எழுச்சியின் மாணவர் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன், 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்தார்.' அப்போது வாக்குரிமைக்கு வயது 21. 1965இல் ஊர்வலம் போன பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேர்தலில் வாக்கு இல்லை. பதினெட்டு வயதில் வாக்களிக்கும் உரிமை 1989இல்தான் நடைமுறைக்கு வந்தது.