ஊதாத இடத்திலும் ஒலிக்கும் ட்ரம்பெட்

நார்வே நாட்டு ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் நில்ஸ் பெட்டர் மோல்வேரின் ‘க்மேர்’ தொகுப்பை முதன்முறை கேட்கிறவர்கள், இதில் ட்ரம்பெட் எங்கே என்று கொஞ்ச நேரம் தேடுவார்கள். மூங்கில் குழல் போல மூச்சு கசியும் ஒரு ஒலி, யாரோ தூரத்தில் முனகுவது போலவும் கேட்கும். ராணுவ அணிவகுப்பில் காதைத் துளைக்கிற அதே கருவிதான் இது.

அந்த வேறுபாடு கருவியில் இல்லை, ஊதும் விதத்தில் இருக்கிறது. ட்ரம்பெட் என்பது ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய், சுருட்டி வைக்கப்பட்டது. அதன் வாய்ப்பகுதியில் உதடுகள் படபடக்கின்றன. 440 அதிர்வெண் உள்ள சுரம் என்றால் நொடிக்கு 440 முறை திறந்து மூடுகின்றன. பலமாக ஊதினால் குழாய்க்குள் அழுத்தம் எகிறும். அப்போது ஒலியலையின் முகடு, பள்ளத்தைவிடச் சற்று வேகமாக ஓடும். வழியெல்லாம் முகடு முன்னேறி முன்னேறி, அலை வெளியே வரும்போது செங்குத்தாக நிமிர்ந்திருக்கும். அதில், அடிச்சுரத்தோடு சேர்ந்தே ஒலிக்கும் உயர்ந்த மேற்சுரங்கள் ஏராளம். பித்தளைக்கே உரிய அந்தப் பளபளப்பு அப்படித்தான் பிறக்கிறது. மெதுவாக ஊதினால் இது நடப்பதில்லை. மேற்சுரங்கள் குறைந்து ஒலி மழுங்கி நிற்கும், உதட்டோரம் கசியும் காற்றின் சத்தமும் கூடவே கேட்கும். மைக்கைக் குழலின் வாய்க்கு அருகில் கொண்டுபோனால், அந்த மூச்சும் இசையாகிவிடும்.

சரி, மின்னணுக் கருவிகள் எங்கே வருகின்றன? மைக்கில் விழுந்த சுரம் எண்களாக மாறுகிறது. குறுந்தகட்டின் கணக்குப்படி நொடிக்கு 44,100 அளவீடுகள். அவற்றை நினைவகத்தில் வைத்து அரை நொடி கழித்து வெளியே விட்டால் எதிரொலி. சுமார் 85 மீட்டர் தள்ளி ஒரு மலைச்சுவர் நின்று திருப்பி அனுப்பினாலும் இதே அரை நொடிதான் ஆகும். வெளியே வந்ததைக் கொஞ்சம் குறைத்து மறுபடி உள்ளே விட்டால், ஒரே சுரம் தேய்ந்தபடி பலமுறை திரும்பி வரும். சுருதியையும் மாற்றலாம்: ஒலியை நொடியின் சிறு பங்குகளாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் படித்து, விளிம்பு தெரியாமல் ஒட்டினால், ஊதிய ஷட்ஜத்தோடு ஒரு பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்.

இங்கேதான் மெல்ல ஊதுவதன் அருமை தெரிகிறது. பளபளக்கும் சுரத்தை இப்படிப் பத்து அடுக்கு அடுக்கினால், அத்தனை மேற்சுரங்களும் ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாகும். மழுங்கிய சுரம் என்றால் அடுக்கு அடுக்காக உட்கார்ந்துகொள்ளும். எதிரொலிக்கு இடம் கொடுக்க வாசிப்பவர் வாயை மூடிக் காத்திருக்கவும் வேண்டும். என்னைக் கேட்டால், மோல்வேரின் மிகப் பெரிய திறமை இந்தக் காத்திருப்புதான்.

இந்த வழியில் அவருக்கு முன்னால் நடந்தவர் அமெரிக்கரான ஜான் ஹாசெல். 1970களில் இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் கற்று, குரலின் கமகங்களை ட்ரம்பெட்டில் கொண்டுவர முயன்றார். சுருதி மாற்றும் கருவியால் ஒற்றைக் குழலைக் கூட்டுக்குரலாக்கினார்.

மோல்வேர் 1960இல் பிறந்தவர், நார்வேயின் மேற்குக் கரையில் சூலா தீவில் வளர்ந்தவர். ட்ரொண்ட்ஹெய்மில் இசை படித்தார், அப்புறம் பாஸ் வாசிப்பவரான அரில் ஆண்டர்சனின் மாஸ்குவாலெரோ ஜாஸ் குழுவில் வாசித்தார். 1996இல் வோஸ் ஊரின் ஜாஸ் விழாவுக்காக ஒரு படைப்பு கேட்டார்கள். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1997இல் இசிஎம் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘க்மேர்’. அமைதிக்குப் பேர்போன நிறுவனம் அது. அதன் பெயரில் நடன அரங்கின் தாளத்துண்டுகளும் ஐவிண்ட் ஓர்செட்டின் கிட்டார் உறுமலும் வந்தது அன்று பெரிய துணிச்சல். அந்தத் தாளம் எவ்வளவு அடர்த்தியாக ஓடினாலும் ட்ரம்பெட் அவசரப்படாது. நீண்ட ஒரு சுரம், பிறகு இடைவெளி.

இந்தப் பழக்கம் நார்வேயில் வேர்விட்டுவிட்டது. யான் பாங், எரிக் ஹொனோரே இருவரும் 2005இல் கிறிஸ்டியன்சாண்ட் நகரில் புங்க்ட் விழாவைத் தொடங்கினார்கள். அங்கே ஒரு கச்சேரி முடிந்த கையோடு, அதில் வாசித்த ஒலிகளையே எடுத்து வேறு கலைஞர்கள் புதுக் கச்சேரி ஆக்குகிறார்கள். சற்று முன் கேட்ட மூச்சு, வேறொரு சுருதியில், வேறொரு தாளத்தின்மேல் திரும்பி வருகிறது.