நாலு அலுவலகம், ஒரே டெண்டர்: ஆள் கணக்கு எங்கே தப்புகிறது

துப்புரவு, காவல், ஜெனரேட்டர் பராமரிப்பு, தண்ணீர்த் தொட்டி கழுவுதல் என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அரசு அலுவலகமும் தனித்தனியே டெண்டர் விட்டு அலுத்துப்போகிறது. பக்கத்துப் பக்கத்து அலுவலகங்கள் சேர்ந்து ஒரே ஒப்பந்தமாகப் போட்டால் என்ன என்ற யோசனை அதனால்தான் வருகிறது. நல்ல யோசனைதான். ஆனால் மொத்தமாகக் கொடுத்தால் விலை இறங்கும் என்று நம்பி இறங்கினால் ஏமாற்றம்தான். கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. மூன்றும் சட்டம் சொன்ன தொகை, அதில் பேரம் கிடையாது. சேர்வதால் கிடைக்கும் லாபம், ஒருவர் வராத நாளில் அவர் இடத்தில் நிற்கும் மாற்று ஆளில் இருக்கிறது.

காவலாளிக் கணக்கைப் பாருங்கள். ஒரு வாசலில் 24 மணி நேரமும் ஆள் நிற்க வேண்டுமானால், 8 மணி நேர ஷிஃப்ட் நாளைக்கு 3, வாரத்துக்கு 21. ஒருவருக்கு வாரம் 6 நாள் வேலை. 21ஐ 6ஆல் வகுத்தால் மூன்றரை. அந்த அரை ஆளை எந்த அலுவலகம் தனியாக வைக்கும்? ‘காவலர் 3’ என்று எழுதிவிடுகிறார்கள். வாராவாரம் 3 ஷிஃப்டுக்கு ஆளில்லாமல், இரவு நின்றவரே பகலும் நிற்கிறார், பதினாறாவது மணியில் நாற்காலியில் சாய்ந்து தூங்குகிறார். அவருக்கு மெமோ கொடுத்து என்ன பயன்? கன்னியாகுமரி மாவட்டத்தின் தக்கலையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு அலுவலகங்கள் சேர்ந்தால் 42 ஷிஃப்ட், 7 பேர், கணக்கு நேராகிவிடும். விடுப்புக்கும் பண்டிகை விடுமுறைக்கும் எட்டாவதாக ஒருவர். டெண்டரிலும் ஆள் எண்ணிக்கையை எழுதாமல் ‘வாரத்துக்கு 42 ஷிஃப்ட், ஒருவருக்கு நாளில் ஒன்றுக்கு மேல் கூடாது’ என்றே எழுதுங்கள்.

மாற்று ஆள் நேரத்துக்கு வந்து சேர்ந்தால்தான் இந்த லாபம். காலை 6 மணி ஷிஃப்டுக்கு ஆள் வரவில்லை என்று தெரிந்து, நாகர்கோவிலிலிருந்து ஒருவர் பஸ் பிடித்து மார்த்தாண்டம் நெரிசலைத் தாண்டி கொல்லங்கோடு போய்ச் சேர்வதற்குள் பாதி ஷிஃப்ட் போய்விடும். எனவே மாவட்டம் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டாம். அகஸ்தீஸ்வரமும் தோவாளையும் ஒரு தொகுப்பு. கல்குளம், திருவட்டார், விளவங்கோடு, கிள்ளியூர் இன்னொன்று. தொகுப்பு பெரிதானால் ஆண்டு விற்றுமுதல் நிபந்தனையும் பெரிதாகும், உள்ளூர் ஏஜென்சிகள் வாசலிலேயே நின்றுவிடும். மேற்குப் பக்கம் திருவனந்தபுரம் ஏஜென்சிகள் போட்டிக்கு வரலாம், வரட்டும். ஆனால் 2005ஆம் ஆண்டின் தனியார் பாதுகாப்பு முகமைச் சட்டப்படி உரிமம் மாநிலவாரியானது. கேரள உரிமத்தை மட்டும் வைத்துக்கொண்டு களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் காவலர் நிறுத்த முடியாது.

எல்லா அலுவலகத்தையும் சேர்க்கவும் முடியாது. மத்திய அரசு அலுவலகங்களின் கொள்முதல் ஜெம் என்ற அரசு மின்சந்தைத் தளம் வழியே, 2017ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி; மாநிலத் துறைகளுக்கு 1998ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இரண்டையும் ஒரே கோப்பில் ஓட்டினால் தணிக்கையில் மாட்டும். பத்மநாபபுரம் அரண்மனை இந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது, பராமரிப்போ கேரள அரசிடம். மருத்துவமனைகளையும் தனியாகவே விடுங்கள். மருத்துவக் கழிவை நிறம் பிரித்துப் பைகளில் போடப் பயிற்சி பெற்றவரும், அலுவலக வராந்தா கூட்டுகிறவரும் ஒருவருக்கொருவர் மாற்று ஆள் ஆக முடியாது.

இனி விலை. ஒரு கணக்குக்கு மாதக் கூலி 12,000 ரூபாய் என்று வைப்போம். (உங்கள் ஒப்பந்தத்துக்கு, பொருந்தும் குறைந்தபட்சக் கூலி, ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி இரண்டையும் பாருங்கள்.) வேலையளிப்பவர் பங்கு பி.எஃப். நிர்வாகக் கட்டணம், காப்பீடு சேர்த்து 13 சதவீதம்: 1,560. இ.எஸ்.ஐ. 3.25 சதவீதம்: 390. போனஸ் 8.33 சதவீதம்: ஏறக்குறைய 1,000. ஆகமொத்தம் 14,950. சீருடை, விளக்குமாறு, பினாயில், மேற்பார்வையாளர் எதுவும் இன்னும் சேரவில்லை. இதற்கு ஒருவர் 14,000 என்று விலை போட்டால் அவர் கெட்டிக்காரர் இல்லை, யாருடைய பி.எஃப்.பையோ கட்டாமல் விடப்போகிறார். தனக்கான சேவைக் கட்டணம் பூஜ்யம் என்று போடுகிறவரும் அதே வகைதான். கூலியையும் சட்டப்படியான பங்கையும் டெண்டரிலேயே நிலையாக அச்சிட்டு, பொருளுக்கும் சேவைக் கட்டணத்துக்கும் மட்டும் விலை கேளுங்கள். அதிலும் சேவைக் கட்டணத்துக்கு ஒரு கீழ் வரம்பு வைக்காவிட்டால் மறுபடி பூஜ்யத்தில் வந்து நிற்கும்.

துப்புரவுப் பணியை ‘வளாகம் சுத்தமாக இருக்க வேண்டும்’ என்று ஒரே வரியில் எழுதினால் சண்டைதான். சேரும் ஒவ்வொரு அலுவலகமும் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும்: கூட்டும் பரப்பு எத்தனை சதுர அடி, கழிப்பறை எத்தனை, ஒவ்வொன்றும் நாளைக்கு எத்தனை முறை, பொதுமக்கள் பயன்படுத்துவது எது. குமரிக்கு இன்னும் இரண்டு சேர்த்துக்கொள்ளுங்கள். திருவிதாங்கூர் காலத்து ஓட்டுக் கட்டடங்களில் கூரைச் சந்திலும் தகரப் பாத்தியிலும் சருகு அடைத்து, மழை வந்ததும் தண்ணீர் நேரே பதிவேட்டு அறைக்குள் இறங்கும். இங்கே பருவமழை இரண்டு. மே கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் பாத்தி துப்புரவு என்று தேதியோடு எழுதினால் தப்பிக்கலாம், ஆண்டுக்கு ஒருமுறை என்றால் ஒரு மழைக்கு மாட்டுவோம். குளச்சல், கன்னியாகுமரி போன்ற கடலோர அலுவலகங்களில் உப்புக்காற்றால் ஜெனரேட்டர் கூண்டும் ஏசியின் வெளி யூனிட்டும் சீக்கிரம் துருப்பிடிக்கும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் அலுவலகத்துக்கான சர்வீஸ் இடைவெளியை அங்கேயும் போடக் கூடாது.

ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் சேர்த்து ஊற்றக் கூடாது, குளோரின் வாயு கிளம்பும் என்பதைப் பொருள் பட்டியலுக்கு அடியிலேயே எழுதிவிடுங்கள். செப்டிக் டேங்க் வேலை இயந்திரத்தால் மட்டுமே. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கூட்டு ஒப்பந்தம் உடைவது பெரும்பாலும் பணம் கொடுக்கும் இடத்தில்தான். டெண்டர் ஒன்றாக இருந்தாலும் கணக்குத் தலைப்பும் கருவூலப் பில்லும் அலுவலகத்துக்கு அலுவலகம் வேறு. எனவே விலை நிர்ணயம் ஒன்று, ஒப்பந்தமும் பணி ஆணையும் தனித்தனி. ஏப்ரலில் ஒரு துறைக்கு நிதி ஒதுக்கீடு தாமதமாகும். ஏஜென்சி அந்த ஓட்டையை அடைக்க, ஒழுங்காகப் பணம் கொடுத்த அலுவலகத்தின் ஆட்களுக்கும் கூலியை நிறுத்தும். கூலி 7ஆம் தேதிக்குள், பில் வந்தாலும் வராவிட்டாலும் என்று நிபந்தனை வையுங்கள். இரண்டு மாதக் கூலியைத் தாங்கும் வங்கி இருப்பு உண்டா என்று தகுதிச் சுற்றிலேயே பாருங்கள். ஏஜென்சி கொடுக்காவிட்டால் சட்டப்படி அந்தச் சுமை முதன்மை வேலையளிப்பவரான உங்கள் தலையில் விழும்.

இன்னொரு தந்திரம்: 20 பேருக்குக் கட்டிய ஒரே பி.எஃப். சலானை நாலு அலுவலகத்துக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது. ஒவ்வொருவரும் தனியே பார்த்தால் சலான் சரியாகவே இருக்கும். மாதம் ஒருமுறை நாலு வருகைப் பதிவேட்டையும் ஒரே மேசையில் வைத்து, யு.ஏ.என். என்ற பி.எஃப். உறுப்பினர் எண்ணையும் பெயரையும் பி.எஃப். மாதப் பட்டியலோடு பொருத்தினால்தான் வெளிப்படும். ஒரே பெயர் ஒரே தேதி, ஒரே ஷிஃப்டில் இரண்டு பதிவேட்டில் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் படும். அரை மணி வேலை. இதை யார் செய்வது என்று பெயர் போட்டு ஆணை இல்லாவிட்டால் ஒருவரும் செய்யமாட்டார்கள்.

ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை, உள்ளாட்சிப் பணிகள் சார்ந்த தூய சேவைக்கு (பொருள் வழங்கல் சேராத சேவைக்கு) அரசுத் துறைகளும் உள்ளாட்சிகளும் விலக்குப் பெறலாம். வாரியம், கழகம் போன்றவற்றுக்கு 2022 ஜனவரி 1 முதல் அது இல்லை. ஒரே தொகுப்பில் இரண்டும் இருந்தால் விலையை வரி சேர்க்காமல் கேட்டால்தான் ஒப்பிட முடியும்.

மாநில விதிகளில், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்கு விலைப்புள்ளி தர குறைந்தபட்சம் 15 நாள், அதற்கு மேல் 30 நாள். தனித்தனியே சிறியதாக இருந்தவை சேர்ந்ததும் இந்தக் கோட்டைத் தாண்டலாம். மார்ச் 31இல் முடியும் ஒப்பந்தத்துக்கு நவம்பரிலேயே கோப்பைத் தொடங்குங்கள்.

முடிவில் ஏஜென்சி கட்டிய வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும்போது எல்லா அலுவலகமும் ‘பாக்கி இல்லை’ என்று எழுதித் தர வேண்டும். ஒன்று மௌனமாக இருந்தால் ஏஜென்சி மாதக்கணக்கில் அலையும், அடுத்த டெண்டரில் அந்த அலைச்சலையும் விலையில் சேர்த்துவிடும். 30 நாளில் பதில் வராவிட்டால் பாக்கி இல்லை என்றே கொள்ளப்படும் என்ற வரியைத் தொடக்க ஒப்பந்தத்திலேயே போட்டுவிடலாம்.