ஊசிக்குக் கேட்காத விழித்திரை வீக்கம்: கண்ணுக்குள் இருக்கும் நீர் சொல்வது என்ன?

விழித்திரையின் சிரை (ரத்தம் திரும்பிச் செல்லும் குழாய்) அடைத்து வந்த வீக்கத்துக்காகக் கண்ணில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் காத்திருக்கும் இடத்தில் பேசிக்கொள்வது எங்கள் காதிலும் விழும். "எனக்கு ரெண்டே ஊசியில தெளிஞ்சிருச்சு, உங்களுக்கு ஏன் இன்னும் இழுக்குது?" இதைக் கேட்டுக்கொண்டு உள்ளே வருபவரின் முதல் சந்தேகம், தனக்கு விலை குறைந்த மருந்தைப் போட்டுவிட்டோமோ என்பதுதான். பெரும்பாலும் காரணம் அதுவல்ல. நோயின் பெயர் ஒன்றாக இருந்தாலும், வீக்கத்தைத் தூண்டும் பொருட்கள் இருவர் கண்ணிலும் ஒரே அளவில் இருப்பதில்லை.

விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டுக்கும் வெளியுறை ஒன்றே. வயது, பிரஷர், கொழுப்பு ஆகியவற்றால் தமனி தடித்து இறுகினால், பக்கத்தில் இருக்கும் மெல்லிய சிரை நசுங்கி, ரத்தம் தேங்கி உறைகிறது. இது கிளைச் சிரை அடைப்பு. எல்லாக் கிளைகளும் சேரும் பெரிய சிரையிலேயே அடைத்தால் மையச் சிரை அடைப்பு. வலி இருக்காது. ஒரு கண் மட்டும் மங்கும். அதனால்தான் பலரும் முதலில் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள்!

ரத்தம் சரியாகக் கிடைக்காத விழித்திரை, விஇஜிஎஃப் என்ற புரதத்தை அதிகமாகச் சுரக்கிறது. ரத்தக்குழாய்ச் சுவர் கசியவும், புதுக் குழாய்கள் முளைக்கவும் தூண்டுவது இதுதான். கசிந்த நீர் விழித்திரையின் மையத்தில் கோர்த்தால் பார்வை மங்கும். இந்தப் புரதம் நோயாளிகளின் கண் நீரில் கூடுதலாக இருப்பதை 1994-இல் வெளியான ஆய்வு காட்டியது. பெவாசிசுமாப், ரானிபிசுமாப், அஃப்ளிபெர்செப்ட் மூன்றும் இதைப் பிடித்து முடக்கும் ஊசிகள்.

இங்கே கண் நீர் என்பது அழும்போது வருவது அல்ல. கண்ணின் முன்பகுதியில், கார்னியா என்ற கருவிழிப் படலத்துக்குப் பின்னால் கால் மில்லிலிட்டர் அளவில் நிற்கும் நீர். ஆய்வுக்காக மிக மெல்லிய ஊசியால் 0.1 மி.லி. போல எடுப்பார்கள், குறைந்ததைக் கண் தானாகவே சுரந்து நிரப்பிக்கொள்ளும். அப்படி எடுத்துப் பார்த்ததில், கிளை அடைப்பைவிட மைய அடைப்பில் விஇஜிஎஃப் பொதுவாக அதிகம். ரத்த ஓட்டம் நின்றுபோன பரப்பு பெரிதாக இருந்தால் அளவும் கூடுகிறது. இதோடு இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-8, எம்சிபி-1 போன்ற அழற்சிப் பொருட்களும் ஏறியிருக்கின்றன. மருந்து கேட்பதும் கேட்காததும் இங்கேதான் பிரிகிறது. ஊசி போட்டதும் விஇஜிஎஃப் சட்டென்று இறங்கிவிடும். அழற்சிப் பொருட்கள் அந்த அளவுக்கு இறங்குவதில்லை. வீக்கத்தில் அழற்சிக்குப் பெரிய பங்கு இருக்கும் கண்ணில், விஇஜிஎஃப்-ஐ மட்டும் முடக்கினால் வேலை பாதியில் நிற்கும்.

அப்படிப்பட்ட கண்ணில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டை யோசிக்கிறோம். கண்ணுக்குள் செலுத்தும், 0.7 மில்லிகிராம் மருந்துள்ள சிறு குச்சி போன்றது. உள்ளே கரைந்தபடி சில மாதங்கள் மருந்தை விடும். அழற்சிப் பொருட்கள் பலவற்றையும் விஇஜிஎஃப்-ஐயும் சேர்த்தே அடக்கும். புதிதாக வந்த ஃபாரிசிமாப், விஇஜிஎஃப் தவிர ஆஞ்சியோபாய்ட்டின்-2 என்ற இன்னொரு புரதத்தையும் தடுக்கிறது.

சரி, எல்லோருக்கும் முதலிலேயே கண் நீரைச் சோதித்துவிடலாமே? என் கருத்து: இப்போதைக்கு வேண்டாம். இந்த அளவுக்கு மேல் போனால் இந்த மருந்து என்று சொல்லும் எல்லைக்கோடு இதுவரை வகுக்கப்படவில்லை; ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்துப்போகவில்லை. "கண் நீர் டெஸ்ட் எடுத்தால்தான் சரியான ஊசி" என்று யாராவது காசு கேட்டால், ஒருமுறைக்கு இருமுறை யோசியுங்கள். அன்றாட சிகிச்சையில் எங்களுக்கு உதவுவது, விழித்திரையின் குறுக்குவெட்டைப் படமாகக் காட்டும் ஓசிடி ஸ்கேன். வீக்கத்தின் உயரம், விழித்திரைக்கு அடியில் நீர் நிற்கிறதா, பளிச்சென்ற சிறு புள்ளிகள் சிதறியிருக்கின்றனவா என்பதெல்லாம் அழற்சியின் பங்கை ஓரளவு காட்டிக்கொடுக்கும்.

விலை பற்றிய சந்தேகத்துக்கும் பதில் உண்டு. மைய அடைப்பில் பெவாசிசுமாப்பையும் அஃப்ளிபெர்செப்ட்டையும் ஒப்பிட்ட ஸ்கோர்-2 ஆய்வு 2017-இல் வெளியானது. ஆறாவது மாதத்தில் பார்வையைப் பொறுத்தவரை விலை குறைந்த பெவாசிசுமாப் பின்தங்கவில்லை. ஸ்கேனில் வீக்கம் முழுதாக வடிந்தவர்கள் மட்டும் அஃப்ளிபெர்செப்ட் தரப்பில் அதிகம்.

ஒரே ஊசியில் முடிவு கட்டிவிடாதீர்கள். மாதம் ஒன்றாகச் சில ஊசிகள் போட்டு, ஒவ்வொரு முறையும் ஸ்கேனை ஒப்பிட்டால்தான் இந்தக் கண் மருந்துக்குக் கேட்கிறதா என்று சொல்ல முடியும். பழைய ஸ்கேன் தாள்களைத் தூக்கிப் போடாமல் கொண்டுவருபவர்கள் எங்கள் வேலையைப் பாதியாகக் குறைக்கிறார்கள். கேட்கவில்லை என்று இடையில் நின்றுவிடுவதுதான் ஆபத்து. ரத்த ஓட்டம் மோசமாக நின்றுபோன கண்ணில் புதுக் குழாய்கள் முளைத்து, சில மாதங்களில் கண் அழுத்தம் எகிறி, வலியோடு பார்வையும் போய்விடலாம்.

ஸ்டீராய்டுக்கு மாறினாலும் ஒரு கணக்கு இருக்கிறது. கண்புரை சீக்கிரம் வரலாம். கண் அழுத்தம் ஏறலாம். அது உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாவது மாதத்தில். அந்த நேரத்தில் பார்வை நன்றாகவே இருக்கும் என்பதால் பலர் வருவதில்லை. குளுக்கோமா எனும் கண் அழுத்த நோய் ஏற்கெனவே இருந்தால் குச்சி வைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அழுத்தம் பார்க்க எந்தத் தேதியில் வரவேண்டும் என்று கேட்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.